வீட்டில் மார்ஃபின்: குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் வலி நிவாரணக் குழுவில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல், நான் கிளம்பும் நேரத்தில் வாசலில் வைத்து, நோயாளியின் காதில் விழாதபடி கேட்கப்பட்டவை. இதே வகையைச் சேர்ந்த டிரமடால் மாத்திரை, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை பற்றியும் சேர்த்திருக்கிறேன். அளவு விஷயத்தில் உங்கள் டாக்டர் எழுதியதுதான் முடிவு. இங்கே வரும் எண்கள் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள மட்டும்.

மார்ஃபின் வரைக்கும் வந்துட்டாங்கன்னா, இனிமே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து மார்ஃபின் எழுதுவதில்லை. வலி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் எழுதுகிறார்கள். கீமோவோ ரேடியேஷனோ நடக்கும்போது வாயெல்லாம் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல் சில வாரம் மார்ஃபின் எடுத்து, புண் ஆறியதும் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிய நோயோடு, மார்ஃபின் எடுத்துக்கொண்டே கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டது. பாரசிட்டமால் போன்றவை முதல் படி, கோடீன் போன்றவை அடுத்த படி, அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். நம் ஊரில் பல வருடமாக மார்ஃபின் கடைசி வாரத்தில்தான் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிக் கொடுத்தால் "அந்த மாத்திரை போட்டதும் போயிட்டார்" என்றுதான் ஊர் பேசும். சரியான நேரத்தில் ஆரம்பித்து, சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி குறைந்தால் தூங்குவார், நாலு வாய் சாப்பிடுவார், எழுந்து நடப்பார்.

பழகிடுமா? அடிமையாக்கிடும்னு சொல்றாங்களே?

சில வாரம் தொடர்ந்து எடுத்தால் உடம்பு மார்ஃபினுக்குப் பழகிவிடும். அது உண்மை. திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம், மூக்கொழுகல், படபடப்பு வரும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவரும் அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. அவரை நாம் அடிமை என்று சொல்வதில்லை. அடிமைத்தனம் வேறு. வலி இல்லாதபோதும் அந்த மருந்துக்காக ஏங்குவது, பொய் சொல்லி வாங்குவது, வாழ்க்கையே அதைச் சுற்றி மாறிப்போவது. வலிக்காக, நேரப்படி, கண்காணிப்போடு வாய்வழி மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளிகளில் இது அரிது. முன்பே குடியோ வேறு போதைப் பழக்கமோ இருந்திருந்தால் ஆபத்து கூடும். அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்தை மறுப்பதற்காகக் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பது, மருந்து இருக்கும் பீரோ சாவியை வேறொருவரிடம் வைப்பது போன்ற ஏற்பாட்டுக்காகத்தான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் நடந்ததைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அங்கே 1996-இல் வந்த ஆக்ஸிகாண்டின் என்ற மாத்திரையை, அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று சொல்லி, முதுகுவலி, மூட்டுவலிக்கெல்லாம் தாராளமாக எழுத வைத்தார்கள். அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007-லும் 2020-லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும். நாள்பட்ட முதுகுவலிக்கு வருடக்கணக்கில் இந்த வகை மருந்து எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி, கட்டி நரம்பை அழுத்தித் துடிக்கும் ஒருவருக்கு மார்ஃபினை மறுப்பது கொடுமை.

வலி வரும்போது மட்டும் கொடுத்தா போதாதா? நேரப்படி எதுக்கு?

இங்கேதான் அதிகக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். வலி முழுசாகத் திரும்பி வந்தபின் மாத்திரையைத் தேடினால், அடுத்த அரை மணி நேரம் அவர் துடிக்க வேண்டும். ஏறிவிட்ட வலியை இறக்கப் பல சமயம் கூடுதல் அளவும் தேவைப்படும். "முடிஞ்சவரைக்கும் தாங்கிக்கிட்டேன், சிஸ்டர்" என்று பெருமையோடு சொல்பவர்கள்தான் நாளடைவில் அதிக மருந்து எடுத்திருப்பார்கள்.

அதனால்தான் நேரப்படி. எங்கள் பழக்கம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 2 மணிக்கு எழுப்பக்கூடாது என்பதற்காக, இரவு 10 மணி வேளையை டாக்டர் இரட்டிப்பாக எழுதுவது உண்டு. சீட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் கொடுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதற்கும் குறைவு, அரை மாத்திரை, கால் மாத்திரை என்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு 30 என்றால் உங்கள் அப்பாவுக்கும் 30 என்று கணக்கில்லை.

வேளைகளுக்கு நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க "தேவைப்பட்டால்" என்று ஒரு அளவு எழுதியிருப்பார்கள். வழக்கமாக ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. 10 மில்லிகிராம் ஆறு தடவை என்றால் நாளுக்கு 60, கூடுதல் அளவு 10. அதைக் கொடுத்தாலும் அடுத்த வேளையைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தேவைப்பட்டால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். அதை டாக்டர் கூட்டட்டும், நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

எழுதி வைப்பது மிக முக்கியம். ஒரு வீட்டில் மருமகள் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை இதற்குப் பயன்படுத்தினார். நேரம், எத்தனை மாத்திரை, கொடுத்தது யார், ஒரு மணி நேரம் கழித்து வலி எப்படி, மலம் போனதா, இல்லையா. அவ்வளவுதான். அந்தத் தாள்களைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் டாக்டரால் அளவை மாற்ற முடிந்தது. பகலில் மகன், இரவில் மகள் என்று ஆள் மாறும் வீடுகளில் இந்தத் தாள் இல்லாவிட்டால் ஒரே வேளை இரண்டு முறை போய்விடும்.

ஒரு வேளை மறந்துபோச்சு. ரெண்டா கொடுக்கலாமா?

கூடாது. நினைவு வந்ததும் ஒரு வேளைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால், விட்டதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடருங்கள். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாலும் உடனே இன்னொன்று கொடுக்காமல், போன் செய்து கேளுங்கள்.

மலச்சிக்கல்னு இன்னொரு மாத்திரையும் எழுதியிருக்காங்க. அவருக்குத்தான் அந்தப் பிரச்சினை இல்லையே?

வரும். தூக்கமும் குமட்டலும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது. மார்ஃபின் இருக்கும்வரை இருக்கும். குடலின் அசைவை அது மந்தமாக்கிவிடுகிறது. ஆகவே முதல் மார்ஃபின் மாத்திரையோடு அன்றிரவே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். பிஸாகோடைல், சென்னா, லாக்டுலோஸ் சிரப் என்று எதை எழுதியிருந்தாலும் சரி. வாழைப்பழமும் கீரையும் கொடுங்கள், நல்லதுதான், ஆனால் அவை மட்டும் போதாது. தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் கொடுக்காதீர்கள். குடலிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும்.

மூன்று நாள் போகவில்லை என்றால் நான்காவது நாளுக்காகக் காத்திருக்காமல் சொல்லுங்கள். சில சமயம் கெட்டிமலத்தின் ஓரமாகத் தண்ணீர்போல ஒழுகும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து வீட்டில் மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். அடிவயிறு உப்பி, கூடவே வாந்தியும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வலி குறைந்தும் "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் விசாரித்தால், பாதிப் பேருக்குக் காரணம் மலச்சிக்கல்தான். கூச்சத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்கார். பயமா இருக்கு.

கூப்பிட்டதும் கண் திறந்து, ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினால் பெரும்பாலும் பயமில்லை. வாரக்கணக்கில் வலியால் தூங்காதவர் கடனைத் தீர்க்கிறார். தொடங்கியபோதும் அளவைக் கூட்டியபோதும் வரும் இந்த மந்தம் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். முதல் வாரத்துக் குமட்டலுக்கும் மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அளவு மிஞ்சிப்போச்சுன்னா எப்படித் தெரியும்?

முதலில் வருவது தூக்கம். மூச்சு குறைவது அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் எழவில்லையா, நெஞ்சில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எழுப்ப முடியாதவரின் மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக இருந்தாலோ, குறட்டையும் கரகரப்புமாக விட்டு விட்டு வந்தாலோ, உதட்டின் உட்பக்கமும் நகமும் நீலம் பாரித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடம்பில் பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். வாயில் தண்ணீர், உப்புக் கரைசல், காபி எதுவும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் மருந்தின் பெயரையும் கடைசியாகக் கொடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் ஊசி இருக்கிறது. அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால், கண் விழித்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது.

கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருப்பது மட்டும் ஆபத்துக்கு அறிகுறி அல்ல. மார்ஃபின் எடுக்கும் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோய் முற்றி உயிர் அடங்கும் நாட்களில் மூச்சு தானாகவே விட்டு விட்டு வரும். அது மார்ஃபினால் அல்ல. கடைசி வேளையைக் கொடுத்தவர் பிறகு வருடக்கணக்கில் "என் கையால கொடுத்தேனே" என்று மனதுக்குள் புழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்கள் நெருங்கும்போது மருந்தை எப்படித் தொடர்வது என்று குழுவிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். சொன்ன அளவைக் கொடுத்தவர் வலியைத்தான் போக்கினார்.

செத்துப்போன அம்மா வந்து நிக்கிறாங்கன்னு சொல்றார். கை கால் வெட்டி வெட்டி இழுக்குது.

வீட்டில் பலர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நான் முதலில் கேட்பது, "இன்னைக்கு எத்தனை தடவை சிறுநீர் போனார்?" என்றுதான். மார்ஃபின் உடம்பில் மாறி உருவாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் பழுதானாலோ, உடம்பில் தண்ணீர் வற்றினாலோ அவை தேங்கிவிடும். நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்றைக்கு அதிகமாகிவிடும். கத்திரி வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு போதும், இது நடக்க. இல்லாதவை தெரிவது, காற்றில் எதையோ பிடிப்பது, தூக்கத்தில் தசை துடிப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளைக்கு முன் போன் செய்யுங்கள். அளவைக் குறைப்பார்கள், இடைவெளியைக் கூட்டுவார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள். கிருமித்தொற்று, ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து கூடுவது ஆகியவையும் இதே மாதிரி குழப்பத்தைத் தரும் என்பதால் பரிசோதனையும் தேவைப்படலாம்.

தூக்க மாத்திரை, சளி சிரப் எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாமா?

கேட்காமல் கூடாது. வீடுகளில் நடக்கும் பெரும்பாலான விபத்து மார்ஃபினால் மட்டும் வருவதில்லை, கூட்டால் வருவது. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், நரம்பு வலிக்கான பிரிகாபலின், கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாமே மூச்சை மந்தப்படுத்துபவை. டாக்டர் தெரிந்தே சேர்த்து எழுதலாம். அப்போது அளவு அதற்கேற்ப இருக்கும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிச் சேர்க்காதீர்கள். மது ஒரு சொட்டும் வேண்டாம்.

மாத்திரையைப் பொடிச்சுக் கொடுக்கலாமா?

சாதாரண மாத்திரையைப் பொடிக்கலாம், மூக்குக் குழாய் வழியாகவும் கொடுக்கலாம். பெயரோடு எஸ்ஆர் என்று அச்சிட்ட, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக எழுதப்படும் மாத்திரையை மட்டும் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. அரை நாளுக்கு மெல்லக் கரைய வேண்டியது ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்துவிடும். விழுங்க முடியாமல் போனால் வேறு வடிவத்துக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள்.

பட்டை ஒட்டியிருக்காங்க. இதுல என்ன கவனிக்கணும்?

ஃபென்டனில் பட்டை 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டிய உடனே வேலை செய்யாது, அரை நாளாவது ஆகும். உரித்த பிறகும் பல மணி நேரம் உடம்பில் இருக்கும். முதல் நாள் வலி குறையவில்லை என்று இரண்டாவது பட்டையை ஒட்டுவது பெரிய ஆபத்து. முடி இல்லாத தட்டையான தோலில், தண்ணீரால் மட்டும் துடைத்து, உலர்த்தி, ஒட்டுங்கள். தேதியையும் நேரத்தையும் அதன் மேலேயே எழுதுங்கள். புதியது ஒட்டும்போது பழையதை உரித்தாயிற்றா என்று பாருங்கள். முதுகில் இருப்பது கண்ணில் படாது.

சூடு ஆகாது. பட்டை ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ ஹீட்டிங் பேடோ வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சலிலும் அப்படித்தான். பயன்படுத்திய பட்டையிலும் நிறைய மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, பூட்டிய டப்பாவில் சேர்த்துவைத்து எங்களிடம் கொடுங்கள். கீழே கிடந்த பட்டையை வாயில் வைத்துக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ரேடியேஷனுக்குப் பிறகு வலியே இல்லை. நிறுத்திடலாமா?

நல்ல செய்தி. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதே அளவில் தொடரவும் வேண்டாம். எலும்பு வலிக்கு ரேடியேஷன் கொடுத்த சில வாரத்தில் வலி வெகுவாகக் குறையலாம். வலி இருந்தபோது தாங்கிய அளவு இப்போது தூக்கத்தில் தள்ளும். சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் அட்டவணையை டாக்டர் எழுதித் தருவார்.

மாத்திரையை எங்க வைக்கிறது? மிச்சமானா என்ன பண்றது?

பீரோவுக்குள், பூட்டி, சாவி ஒருவரிடம். ஃப்ரிட்ஜ் மேலேயும் சாமி மாடத்திலும் வைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்து நோட்டில் குறியுங்கள். குறைந்தால் வீட்டுப் பிள்ளைகளைச் சந்தேகிப்பது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் எங்களிடம் சொல்லுங்கள். வலி மாத்திரைகளை, முக்கியமாக டேபென்டடாலை, போதைக்காகப் பயன்படுத்திய இளைஞர்கள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டிலேயே வந்திருக்கின்றன. வந்து போகிறவர்களிடம் "எங்க வீட்ல மார்ஃபின் இருக்கு" என்று சொல்லாமல் இருப்பதும் பாதுகாப்புதான். மிச்சத்தை வேறு நோயாளிக்குத் தானமாகக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.

எந்த மெடிக்கல்லயும் கிடைக்கலையே?

மார்ஃபின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்தே பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதை நிறுத்தின. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடியதில் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் நேரடியாக வாங்கி நோயாளிக்குக் கொடுக்கலாம். ஆகவே தெருமுனைக் கடையில் தேடி அலையாமல், புற்றுநோய் மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் சேவையும் உண்டு. மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் தீர்ந்துபோனால் எங்கும் வாங்க முடியாது.

அம்மாவுக்கு மூட்டுவலிக்கு டிரமடால் கொடுத்திருக்காங்க. அதுவும் இந்த மாதிரிதானா?

ஆமாம், வலிமை குறைந்த உறவு. 2018 முதல் அதுவும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பெரியவர்களுக்கே நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் எழுதுவார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். பாரசிட்டமால் கலந்த டிரமடால் மாத்திரையில் ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கென்று டோலோவும் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்குச் சுமை. அறுபது வயதுக்கு மேல் இதைத் தொடங்கும்போது முதல் வாரம் ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாக விடாதீர்கள். தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மூட்டுவலி பரவாயில்லை என்றாகிவிடும்.

வண்டி ஓட்டலாமா? வெளியூர் போகலாமா?

தொடங்கிய முதல் வாரமும், அளவை மாற்றிய சில நாட்களும் பைக், கார் எதுவும் வேண்டாம். பிறகு தெளிவாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். உள்நாட்டுப் பயணத்துக்கு மாத்திரையை அதன் அட்டையிலேயே, சீட்டின் அசலோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போவதானால் விஷயம் வேறு. டிரமடாலும் கோடீன் சிரப்பும்கூட அங்கே கடும் கட்டுப்பாட்டில் இருப்பவை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் இவற்றைக் கொண்டுபோக அந்த நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது "எங்க அண்ணனுக்கு முதுகுவலி மாத்திரை, கொடுத்துடுங்க" என்று யாராவது ஒரு பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். பிடிபடுவது அதை எடுத்துப் போகிறவர்தான்.